பட்டாணிப் பெட்டியின் கரண்ட் கணக்கு

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அண்ணன் என் ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டான், உள்ளே விற்க வைத்திருந்த முப்பத்தொரு கிலோ பட்டாணியும் வீணாகிவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாக எழுதலாம். மற்றபடி இந்த வீட்டில் எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி உடம்பில் ஒரு குறையும் இல்லாமல்தான் இருக்கிறோம், என் முழங்கால்கூட மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் வாயைத் திறக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே அதுபோலவே தெம்பாக இருக்க வேண்டும், உன் இருமல் விட்டதா இல்லையா என்று எழுது, மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருப்பாய், எனக்குத் தெரியும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "அம்மா, விடும்மா, உனக்கு எதுக்கும்மா இந்த வயசுல இதெல்லாம்" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, கடைசிவரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நடந்தது இதுதான். உன் அண்ணியின் தங்கை வீட்டில் இரண்டு நாள் தங்கிவரலாம் என்று எல்லோரும் கிளம்பினோம். வெளியூர் போகும்போது உன் அண்ணன் என்ன செய்வான் என்று உனக்குத்தான் தெரியுமே, கேஸை மூடு, குழாயைப் பார், ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார் என்று ஒவ்வொரு அறையாகச் சுற்றி வருவான். நான் முழங்காலைத் தூக்கி வண்டிக்குள் வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவன் கடைசியாக வந்து ஏறி, "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன், ஒரு பாயிண்ட்கூட விடல" என்று மெடல் வாங்கியவன் மாதிரிச் சொன்னான். எல்லாம் என்றால் விளக்கும் ஃபேனும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்து சமையலறைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன அறையைத் திறந்தால் தரை முழுக்கத் தண்ணீர், காலை வைத்ததும் செருப்பு வழுக்குகிறது. பெட்டியைத் திறந்தேன், கல் மாதிரி இருக்க வேண்டிய பொட்டலமெல்லாம் தலையணை மாதிரி அமுங்குகிறது, ஒரு புளித்த வாடை வேறு. உன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினால், "மூடிதானேம்மா இருந்துச்சு, குளிரு எங்க போகும்" என்கிறான். "இது என்ன ஃப்ளாஸ்க்குன்னு நெனச்சியாடா" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "இப்ப ஆன் பண்ணிட்டா திரும்ப உறைஞ்சிடும், யாருக்கும்மா தெரியப் போகுது" என்றானே பார், அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. யாருக்குத் தெரியும் என்றால், எனக்குத் தெரியும். பள்ளிக்கூட கேன்டீன்காரம்மா என் பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே கொதிக்கிற பாத்திரத்தில் கொட்டுகிறாள், அது அவள் என்மேல் வைத்திருக்கிற நம்பிக்கை, அதை உன் அண்ணனின் சோம்பேறித்தனத்துக்கு விற்க முடியுமா. முப்பத்தொரு கிலோவையும் மூட்டை கட்டி நம் தெருப் பால்காரரைக் கூப்பிட்டு மாட்டுக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை பால் ஊற்ற வந்தவர், மாடு ஆசையாகத் தின்றது என்று சொல்லிவிட்டு, "அடுத்த தடவை எப்பம்மா ஊருக்குப் போறீங்க" என்று கேட்டார். உன் அண்ணி சிரிப்பை அடக்க உள்ளே ஓடிவிட்டாள்.

போனதைப் பற்றி நான் அழவில்லை, வியாபாரத்தில் சரக்கு போவதும் வருவதும் உண்டு. மார்க்கெட்டில் அந்த நாலடிக் கடையில் தக்காளி வைத்திருந்த காலத்தில் ஒரே மழையில் இதைவிட அதிகம் சாக்கடையில் கொட்டியிருக்கிறேன். எனக்கு உறைத்தது அதற்குப் பிறகு நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு உன் அண்ணன் உன்னைப் போனில் கூப்பிட்டுத் திரையை என் முகத்துக்கு நேராகப் பிடித்தான் அல்லவா, அதுவரைக்கும் உனக்குத் தெரியும். பெட்டி வருவதற்கு முன்னால் எண்ணூறைத் தாண்டாத பில் ஆயிரத்து இருநூறு வந்திருக்கிறது, எல்லாம் அம்மாவின் பெட்டியால்தான் என்றான். பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து வைத்திருந்தான், நூற்றுப் பத்து வாட், இருபத்து நாலு மணி நேரம், முப்பது நாள், மாதம் எழுபத்தொன்பது யூனிட், யூனிட் எட்டு ரூபாய், ஆக அறுநூற்று முப்பத்திரண்டு என்று ஒரே மூச்சில் படித்தான். பில்லே நானூறுதான் கூடியிருக்கிறது, என் பெட்டி மட்டும் எப்படிடா அறுநூறு தின்றது என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் நீ ஆரம்பித்தாய். பெட்டியை விற்றுவிடு, ஆறு மாதம் அண்ணனிடம், ஆறு மாதம் என்னிடம், நிம்மதியாக உட்காரு என்றாய். அவன் உடனே தலையை ஆட்டினான், ஒத்திகை பார்த்தவர்கள் மாதிரி. அப்போதே புரிந்துவிட்டது, நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் முன்னாடியே பேசி முடித்திருக்கிறீர்கள், கரண்ட் பில் வெறும் சாக்கு. நல்லவேளை உன் லைன் அறுந்தது, இல்லையென்றால் அன்றைக்கு உனக்கும் திட்டு விழுந்திருக்கும்.

நிம்மதியாக உட்காருவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், முழங்காலுக்காகக் கடையை விட்டுவிட்டு ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டேன். காலையில் யார் என்ன சாப்பிட்டார்கள், சாயந்திரம் யார் என்ன சாப்பிடப் போகிறார்கள், இதைத் தவிர என்னிடம் கேட்க யாருக்கும் ஒன்றுமில்லை. ஐஸ்கிரீம் கடைக்காரர் கடையை மூடுகிறார் என்று கேள்விப்பட்டு, பக்கவாட்டில் இன்னும் அந்தக் குச்சி ஐஸ் படம்கூட உரியாத இந்தச் சின்னப் பெட்டியைப் பேரம் பேசி வாங்கினேனே, அன்றைக்குத்தான் திரும்ப என்னிடம் நாலு பேர் விலை கேட்டார்கள். பட்டாணி மலிவாகக் கிடைக்கும்போது வாங்கி, உரித்து, வெந்நீரில் ஒரு முக்கு முக்கி ஆறவைத்து, கிலோ கிலோவாகக் கட்டி வைக்கிறேன், கிடைக்காத மாதங்களில் விற்கிறேன். ஓடி ஆட வேண்டியதில்லை, கத்திக் கூவ வேண்டியதில்லை, முழங்காலுக்கு ஏற்ற வியாபாரம். இதை விற்றுவிட்டு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெட்டி படுக்கையோடு இடம் மாறுவதற்கு நான் என்ன வாடகைப் பாத்திரமா. மாட்டேன். உன் அண்ணனிடமும் அதையேதான் சொன்னேன், என் பெட்டி போகாது, கரண்ட் எவ்வளவு என்று அளந்து சொல், அதை நான் கட்டுகிறேன், அளக்காமல் வாய்க்கு வந்த விலை சொல்கிறவனிடம் நான் எந்தக் காலத்திலும் சரக்கு எடுத்ததில்லை என்றேன்.

நம் தெருவில் சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டரோடு திரிகிற எலெக்ட்ரீஷியன் இருக்கிறானே, தெருவே அவனை டெஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது, அவனிடம் பிளக்குக்கும் பாயிண்டுக்கும் நடுவில் மாட்டுகிற ஒரு சின்ன மீட்டர் இருந்தது. எத்தனை யூனிட் ஓடியது என்று அதுவே காட்டும். இரண்டு கிலோ பட்டாணி கொடுக்கிறேன் என்று பேசி வாங்கி மாட்டினேன். பெட்டி காலியாக இருந்தால் அளப்பதில் என்ன நியாயம், ஆகவே புதிதாக இருபது கிலோ வாங்கி உரித்துப் போட்டேன், உரிக்க உன் அண்ணி கை கொடுத்தாள், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஆறே கால் யூனிட்டுக்கு மேல் கொஞ்சம். அதாவது ஒரு நாளைக்கு ஒரு யூனிட்கூட இல்லை. ஸ்டிக்கரில் போட்டிருப்பது மோட்டார் ஓடும்போது எடுக்கிற கரண்ட், ஆனால் பெட்டி நன்றாகக் குளிர்ந்ததும் மோட்டார் தானாக நின்றுவிடுகிறது, சூடேறினால்தான் திரும்ப ஓடும், பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டால் யாருக்கும் தெரியும். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு மீட்டரைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். உன் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உன் அண்ணிதான் தட்டைத் துடைத்துக்கொண்டே, "அத்தை, இந்த வாரம் முழுக்க ஒரு பாக்கெட்டாவது வித்தீங்களா" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அதான் பாத்தேன், மூடியவே தொறக்கல. உரிச்சதையும் ராத்திரி பூரா ஃப்ரிட்ஜுல வெச்சு நல்லா குளிர வெச்சுத்தான உள்ள போட்டீங்க. எப்பவும் அப்படியா செய்வீங்க" என்றாள்.

சின்னவளே, தராசில் கட்டைவிரல் வைப்பவனைப் பத்தடி தூரத்தில் இருந்தே கண்டுபிடிக்கிறவள் நான், இந்தப் பெண் என் கட்டைவிரலையே பிடித்துவிட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை, உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தது, இவ்வளவு நாள் இந்த வீட்டில் பேரம் பேச ஆளில்லை என்று நினைத்திருந்தேன். சரி, இன்னொரு வாரம், இந்த முறை எப்போதும் போல என்றேன். தினமும் திறந்தேன், விற்றேன், கேன்டீன்காரம்மா வந்து மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் அவள் மாமியாரைப் பற்றிப் பேசினாள், பேசட்டும் என்று விட்டேன், அதுவும் வியாபாரத்தில் சேர்த்திதான். அந்த வாரம் எட்டரைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. ஒரு நாளைக்கு ஒன்றே கால் யூனிட்டுக்கு உள்ளே, மாதத்துக்கு முப்பத்தாறு. இதற்கு மேல் யாரும் பேச முடியாது. எழுபத்தொன்பது எங்கே, முப்பத்தாறு எங்கே.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன், அங்கேதான் உண்மையான பேச்சே தொடங்கியது. எங்கள் வீட்டில் மாதம் இருநூறு யூனிட் வரைக்கும் யூனிட் நாலு ரூபாய், அதற்கு மேல் போனால் மேலே போனதற்கு மட்டும் எட்டு. நான் முப்பத்தாறை நாலால் பெருக்கி நூற்று நாற்பத்து நாலு ரூபாயை எடுத்து நீட்டினேன். உன் அண்ணி வாங்கவில்லை. "உங்க பெட்டி வர்றதுக்கு முன்னாடி எங்க வீடு இருநூறத் தாண்டினதே இல்ல அத்தை. உங்க முப்பத்தாறும் மேலதான் ஏறி உக்காந்திருக்கு, அதுக்கு எட்டு ரூபா, எரநூத்தி எண்பத்தெட்டு வெய்யுங்க" என்றாள். நான் விடுவேனா. ஒரே லாரியில் பத்து வியாபாரிகளின் மூட்டை வந்தால் வாடகையை மூட்டைக்கு இவ்வளவு என்று எல்லோரும் ஒரே மாதிரி பிரித்துக்கொள்வோம், கடைசியாக ஏற்றிய மூட்டைதான் டயரை அமுக்கியது என்று ஒருத்தன் தலையில் கட்டுவதில்லை, என் பெட்டிதான் மேலே இருக்கிறது என்று எந்தக் கம்பியில் எழுதியிருக்கிறது, உன் வாஷிங் மெஷின் ஏன் மேலே இருக்கக் கூடாது என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. "லாரி ஏற்கனவே நிறைஞ்சு கெளம்பிடுச்சு அத்தை, நீங்க கைய காட்டி நிறுத்தினீங்க, உங்களுக்காக இன்னொரு வண்டி வெக்க வேண்டியதாப் போச்சு. அந்த வண்டி வாடகைய நான் எதுக்குக் குடுக்கணும்" என்கிறாள். மார்க்கெட்டில் இவளுக்கு ஒரு கடை வைத்துக் கொடுத்திருந்தால் என் கடைக்கு எதிரிலேயே உட்கார்ந்து என்னை ஓட்டாண்டி ஆக்கியிருப்பாள்.

உன் அண்ணனுக்கு இதைக் கேட்டதும் தெம்பு வந்துவிட்டது, "அதத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்று நடுவில் நுழைந்தான். அவன் வாயைத் திறந்ததுதான் தப்பு. உன் அண்ணி அவன் பக்கம் திரும்பி, "நீங்க இருங்க. பில்லுல கூடினது அம்பது யூனிட். அத்தையோடது முப்பத்தாறு. மிச்சம் பதினாலு யாரோடது" என்று கேட்டாள். கூடத்துச் சுவரில் என் பெட்டிக்குப் பிறகு வாங்கி மாட்டிய பெரிய டிவி ஓடிக்கொண்டிருந்தது, பார்க்க ஆளில்லாமல், சத்தம்கூட இல்லாமல். அவன் எழுந்துபோய் அதை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். வெளியூர் போகும்போது மட்டும் ஒரு பாயிண்ட் விடாமல் அணைக்கிறவன், வீட்டில் இருக்கும்போது எதையும் அணைப்பதில்லை, இதை நான் சொல்லவில்லை, அவன் பெண்டாட்டி சொன்னாள்.

அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும்தான் பேசினோம். ஒரு பக்கம் நாலு, ஒரு பக்கம் எட்டு, என்ன முடிவு என்று கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், நீயும் வீட்டில் எத்தனையோ மெஷின் வைத்திருக்கிறாய், காதில் போட்டுக்கொள். கரண்டைப் பில்லில் பார்த்தால் பயம்தான் வரும், கிலோவில் ஏற்றிப் பார்த்தால்தான் கணக்கு வரும். என் பெட்டி நாற்பது கிலோ பிடிக்கும். நிறைத்து வைத்தாலும் கால்வாசி வைத்தாலும் மோட்டார் ஏறக்குறைய அதே கரண்டைத்தான் குடிக்கிறது. நிறைந்திருந்தால் கிலோவுக்கு மாதம் ஐந்து ரூபாய் சொச்சம்தான் ஏறும், பத்துக் கிலோ மட்டும் கிடந்தால் இருபது ரூபாய்க்கு மேல் ஏறிவிடும், லாபத்தைக் குளிரே தின்றுவிடும். ஆகவே என் எதிரி கரண்ட் இல்லை, உன் அண்ணனும் இல்லை, பெட்டிக்குள் இருக்கும் காலி இடம். அதற்கும் வழி செய்துவிட்டேன், எதிர் வீட்டில் கேக் செய்து விற்கிற பெண் வெண்ணெய் வைக்க இடமில்லாமல் திண்டாடுகிறாள், சரக்கு குறைகிற மாதங்களில் மேல் தட்டை அவளுக்கு மாதம் எண்பது ரூபாய் வாடகைக்கு விடுகிறேன். வயசான காலத்தில் நான் வீட்டுக்காரம்மா ஆகிவிட்டேன், குடியிருப்பது வெண்ணெய்.

நீ கரண்ட் பில்லுக்கு என்று மாதாமாதம் பணம் போட்டுவிடுகிறேன் என்று அண்ணனுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாயாம், அவன் காட்டினான். பாசத்தில் சொன்னாய், அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அனுப்பாதே. நீ பில் கட்டினால் அது உன் பெட்டி ஆகிவிடும், நாளைக்கு நீ விற்கச் சொன்னால் நான் விற்க வேண்டியதுதான். என் பெட்டிக்கு நானே கட்டுகிறவரைக்கும் அதை விற்கிறதா வைக்கிறதா என்று நான்தான் சொல்வேன். உன்னைப் பார்க்க வர மாட்டேன் என்று அர்த்தமில்லை. பட்டாணி முழுக்க விற்றுத் தீர்ந்து பெட்டி காலியாகிற மாதத்தில் வருகிறேன், ஒரு மாதம் இருப்பேன், என் காசில் டிக்கெட் எடுத்து வந்து என் காசில் திரும்புவேன். ஆறு மாதத் திட்டத்தை இனிமேல் யாரும் என் காதுபட எடுக்கக் கூடாது, எனக்குத் தெரியாமலும் எடுக்கக் கூடாது, ஏனென்றால் எனக்குத் தெரிந்துவிடும்.

மாப்பிள்ளைக்கு முதுகுவலி என்றாயே, குனிந்து உட்கார்ந்து வேலை செய்வதை நிறுத்தச் சொல், நாற்காலியை மாற்றச் சொல், நான் சொன்னேன் என்றே சொல். உன் அண்ணனோடு நான் பேசாமல் இல்லை, பயப்படாதே, நேற்றுகூட என் முழங்காலுக்குத் தைலம் அவன்தான் வாங்கி வந்தான், விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடுத்தான், நான் பணம் கொடுத்துவிடுவேனோ என்று. அவன் கெட்டவன் இல்லை, கையைக் கட்டி வைக்கத் தெரியாதவன். நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல், சம்பாதித்து, சண்டை போட்டு, சமாதானமாகி, நூறு வயது வரைக்கும் சேர்ந்து இருங்கள், என் மனசு எப்போதும் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. இருமல் மாத்திரையை மறக்காதே.

இப்படிக்கு,
உன்மேல் கோபமில்லாத, ஆனால் அசையாத
அம்மா

பி.கு. பேசி முடித்ததற்கு வீட்டுக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும், அது நீதான் என்று உன் அண்ணி சொல்லிவிட்டாள், ஆகவே எழுதுகிறேன். கரண்ட், யூனிட்டுக்கு ஆறு ரூபாய், சின்ன மீட்டர் காட்டுகிறபடி, மாதம் பிறந்ததும் உன் அண்ணி கையில் கொடுக்க வேண்டியது, இப்போதைக்கு அது இருநூற்றுப் பதினாறு. வீணான முப்பத்தொரு கிலோவுக்கு உன் அண்ணன் என் கொள்முதல் விலையைக் கட்டுகிறான், மூன்று தவணை, வட்டி இல்லை, மகன் என்பதால். வீட்டுச் சமையலுக்குப் பட்டாணி வேண்டுமென்றால் கேன்டீன்காரம்மா கொடுக்கிற அதே விலை. இனிமேல் அந்தப் பிளக்கில் யார் கை வைத்தாலும், அன்றைக்கு உள்ளே இருக்கிற சரக்கு முழுவதையும் அவர்களே வாங்கிக்கொள்ள வேண்டும், கிலோ நூற்றுப் பத்து, ரொக்கம்.